தொட்டி ஆர்க்கிட் வாங்கும்போது பூவைப் பார்ப்பதா, உள்ளே இருக்கிற மீடியத்தைப் பார்ப்பதா? (சேலம், ஏற்காடு)

அழகாபுரம் மாடி

வணக்கம். அடுத்த மாதம் வீட்டில் மணிவிழா. அம்மாவுக்கு ஒரு ஆர்க்கிட் தொட்டி வாங்கித் தரலாம் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். ரோஜா, செம்பருத்தி, அடீனியம் எல்லாம் மாடியில் ஏற்கெனவே இருக்கின்றன, ஆர்க்கிட் மட்டும் எங்கள் வீட்டுக்குப் புதிது.

மூன்று இடத்தில் பார்த்தேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு பரிசுப்பொருள் கடையில் பெரிய ஊதாப் பூவோடு ஃபெலனாப்சிஸ் என்கிற ஆர்க்கிட் வகை, உள்ளே வெளுத்த பாசியை (ஸ்பேக்னம் என்கிற காய்ந்த பாசி) இறுக்கி அடைத்திருக்கிறார்கள். ஏற்காடு அடிவாரம் போகும் வழியில் ஒரு நர்சரியில் டென்ட்ரோபியம் என்கிற இன்னொரு வகை, கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டது, பூ நாலைந்துதான். மேலே ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் மறுபடியும் ஃபெலனாப்சிஸ், ஆனால் மரப்பட்டைத் துண்டுகளில். மூன்று பேரும் தங்களுடையதுதான் சரியான மீடியம் (மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் போடுவது) என்று அடித்துச் சொல்கிறார்கள். எதை நம்புவது? தொட்டியைப் பார்த்தே செடி நன்றாக இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

வீடு இரண்டாவது மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, பச்சை வலை கட்டியிருக்கிறோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அம்மா தினமும் இரண்டு வேளை எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றுவார். அதை யாராலும் நிறுத்த முடியாது.

ஓட்டுச்சில்லு

கடைசி வரியில்தான் விஷயமே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பூவை எண்ணுவதை நிறுத்துங்கள். கடையில் விரிந்திருக்கிற பூவுக்கான தண்டு சில மாதம் முன்பே, வேறு ஒரு கொட்டகையில், யாரோ நன்றாகக் கவனித்துக்கொண்ட நேரத்தில் கிளம்பியது. ஃபெலனாப்சிஸ் இலை தடிப்பானது, தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கீழே வேர் பாதி அழுகிப் போனாலும் அந்தச் சேமிப்பை வைத்து வாரக்கணக்கில் பூவைத் தாங்கி நிற்கும். நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து பூ உதிர்ந்த பிறகுதான் செடி சரியும், சரிந்ததும் ‘நமக்கு ஆர்க்கிட் ராசி இல்லை’ என்பீர்கள். செடி கடையிலேயே செத்துக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஃபெலனாப்சிஸில் ஒரு வசதி, பெரும்பாலும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டியில்தான் வரும். வெளியே பீங்கான் தொட்டியோ கூடையோ வைத்து மறைத்திருந்தால் வெட்கப்படாமல் உள்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அந்தப் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்காது, கடைப்பையன் ஊற்றிய தண்ணீர் அடியில் நிற்கும், அதில் உள்தொட்டியின் கால் பாகம் முங்கிக் கிடக்கும். அப்படி இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வேர் நிறம். காய்ந்திருக்கும்போது வெள்ளி பூசிய சாம்பல் நிறம், நனைந்தால் பச்சை. வேரைச் சுற்றி ஒரு பஞ்சு உறை இருக்கிறது, காய்ந்தால் அதில் காற்று நிறைந்து வெள்ளையாகத் தெரியும், நனைந்தால் தண்ணீர் நிறைந்து உள்ளே இருக்கிற பச்சை வெளியே தெரியும். இரண்டும் நல்ல வேர்தான். நடுவில் வெளிச்சம் படாத வேர் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், கெட்டியாக இருந்தால் அதிலும் தப்பில்லை. பழுப்பாக, தொட்டால் அமுங்கி, மேல்தோல் கையோடு வந்து உள்ளே ஒரு கம்பி மட்டும் மிஞ்சினால் அந்த வேர் போய்விட்டது.

தொட்டிக்கு வெளியே காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிற வேரைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம், மரத்தில் தொற்றி வளரும் செடிக்கு அது இயல்பு. ஆனால் வெளியே மட்டும் புதிய வேர் ஏழெட்டு ஓடி, உள்ளே ஒன்றுகூட இல்லை என்றால், செடி உள்ளே இருக்கப் பிடிக்காமல் வெளியே தப்பிக்கிறது என்று அர்த்தம். மீடியம் கெட்டுவிட்டது.

நாகலூர் காப்பி

ஓட்டுச்சில்லு சொன்னது எல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன், இதை யாரும் கடையில் சொல்வதில்லை. நல்ல மீடியம், கெட்ட மீடியம் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்த ஊரில் வைக்கப் போகிறீர்கள் என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. ஒரே நாளில் கீழே வியர்த்து ஊற்றும்போது மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஜூலையில் ஆரம்பித்து நவம்பர் வரை மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும், துணியே காயாது, பாசி எங்கே காயும்? அந்த மாதங்களில் இறுக்கி அடைத்த பாசித் தொட்டியை இங்கே வைத்தால் ஒரு தடவை ஊற்றிய தண்ணீர் வாரக்கணக்கில் உள்ளேயே நிற்கும். அதனால் இங்கே வளர்ப்பவர்கள் பட்டை, கரி, பெரிய துண்டாகப் போட்டுக் காற்று ஓட விடுகிறார்கள். அந்தச் செடியை அப்படியே எடுத்து இருபது கொண்டை ஊசி இறங்கி அழகாபுரத்து மேற்குப் பால்கனியில் ஏப்ரல் மாதம் வைத்தால், காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும். செடி நல்ல செடி, மீடியமும் நல்ல மீடியம், இடம்தான் மாறிவிட்டது.

ஆகவே கடைக்காரரிடம் முதல் கேள்வி, ‘இது எங்கே வளர்ந்தது, உங்களிடம் வந்து எத்தனை நாள்?’ என்பதாக இருக்கட்டும். பதில் சொல்லத் திணறினால் அந்தச் செடி நேற்றுதான் வண்டியில் இறங்கியிருக்கும்.

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக், பலா மரங்களில் காட்டு ஆர்க்கிட் தானாகத் தொற்றி வளர்வதைப் பார்த்தாலே பாதி பாடம் புரியும். வேர் முழுக்கப் பட்டையின் வெளியில், மழை பெய்தால் நனையும், மழை விட்ட கொஞ்ச நேரத்தில் காற்றில் காய்ந்துவிடும். மண் என்று ஒரு பிடி கிடையாது. மீடியம் என்று நாம் தொட்டியில் போடுவது எதுவாக இருந்தாலும் அந்த நனைந்து-காய்கிற ஓட்டத்தை உண்டாக்கத்தான். பூப்பதற்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது, ஃபெலனாப்சிஸ் மறுபடி தண்டு விட இரவு குளிர்ச்சி சில வாரம் வேண்டும். எங்களுக்கு அது சும்மா கிடைக்கிறது, உங்களுக்கு டிசம்பர், ஜனவரியில்தான்.

வண்டிப்பாதை நர்சரி

நானும் விற்கிறவன்தான், அதனால் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

பாசியை ஏதோ ஏமாற்று வேலை மாதிரிப் பேசாதீர்கள். ஃபெலனாப்சிஸ் திசு வளர்ப்பில் குடுவையில் பிறந்து, சின்னப் பாசி உருண்டையில் வளர்ந்து, அப்புறம் பெரிய தொட்டிக்கு மாறுகிறது. தாய்லாந்து, தைவான் நாற்று என்று எங்கிருந்து வந்தாலும் வழி இதுதான். லாரியில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் வர வேண்டும், பட்டையில் இருந்தால் காய்ந்து சுருங்கி வரும், பட்டை எல்லாம் கொட்டிவிடும். பாசி என்றால் ஈரம் பிடித்து வரும், தொட்டி சாய்ந்தாலும் சிந்தாது. கொட்டகையில் வளர்க்கிறவர்கள் அளந்து ஊற்றுகிறார்கள், காயவிட்டுத்தான் மறுபடி ஊற்றுகிறார்கள், அங்கே பாசியில் ஒரு வேர் அழுகாது. அழுகுவது கடையிலும் வீட்டிலும்தான்.

இன்னொரு வேண்டுகோள். மீடியத்தைச் சோதிக்கிறேன் என்று செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வாண்டா ஆர்க்கிட்டின் வேரை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார். கேட்டால் நானே தொட்டியிலிருந்து உருவிக் காட்டுவேன், ஃபெலனாப்சிஸ் தொட்டி சும்மா லேசாக அமுக்கினால் மொத்தமாக வெளியே வரும்.

எப்படியும் வாங்கியவர் மீடியம் மாற்றத்தான் போகிறார், அதனால் கடையில் இருக்கும்போது என்ன மீடியம் என்பது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்பது என் கருத்து.

ஓட்டுச்சில்லு

நர்சரி அண்ணா, கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மாற்றத்தான் போகிறோம் என்றாலும், மாற்றும்போது உயிரோடு வேர் இருக்க வேண்டும் அல்லவா? மீடியத்தைப் பார்ப்பதே அதற்குள் இருக்கிற வேரின் கதையைத் தெரிந்துகொள்ளத்தான். பாசியா பட்டையா என்பது இரண்டாவது. அது இன்னும் உறுதியாக இருக்கிறதா, மக்கிவிட்டதா, எவ்வளவு நாளாக நனைந்தே கிடக்கிறது, இதுதான் முதலாவது.

இழுக்க வேண்டாம் என்பது சரி. கையால் செய்யக்கூடியது மூன்று நான்கு இருக்கிறது, எதுவும் செடிக்குக் கெடுதல் இல்லை.

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அதே அளவு, அதே மீடியம் உள்ள பக்கத்துத் தொட்டிகள் இரண்டையும் தூக்குங்கள். ஒன்று மட்டும் கனமாக இருந்தால் அதில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. பட்டைத் துண்டு ஒன்றை மேலிருந்து எடுத்து விரலில் நசுக்குங்கள், நல்ல பட்டை உடைய மறுக்கும், மக்கியது மாவாக உதிரும். பைன் பட்டை இரண்டு வருடம் போல வரும், நம் ஊர் வெயிலிலும் தினத் தண்ணீரிலும் அதற்கு முன்பேகூடப் போய்விடும். பாசி அதைவிடச் சீக்கிரம். பாசியை லேசாக அமுக்கிவிட்டு விரலை எடுங்கள், திரும்ப எழும்பினால் பரவாயில்லை, அமுங்கியபடியே கருத்துக் கூழாகக் கிடந்தால் காற்றே போகாது.

அப்புறம் மோப்பம். கூச்சப்படாமல் மூக்கைக் கொண்டுபோங்கள். நல்ல மீடியம் ஈர மரத்தின் வாசனை அடிக்கும், அல்லது ஒன்றுமே அடிக்காது. அழுகியது எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரருக்கு விளக்கவே வேண்டாம், ஜவ்வரிசி ஆலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வருகிற அந்தப் புளித்த வாடைதான்.

கடைசியாக, செடியின் அடியில் இலை ஆரம்பிக்கிற இடத்தை இரண்டு விரலால் பிடித்து மிக லேசாக அசையுங்கள். தொட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். செடி மட்டும் தனியாக ஆடினால் ஒன்று வேர் இல்லை, இல்லையென்றால் நேற்றுதான் நட்டு வைத்திருக்கிறார்கள். மீடியம் புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருந்து செடி ஆடினால் எனக்கு இன்னும் சந்தேகம், அழுகியதை வெட்டிவிட்டு விற்பனைக்காக அவசரமாக மாற்றி நட்டது அது.

அம்மாபேட்டை அக்கா

நல்ல விவாதம். இலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இலை சுருங்கித் தொங்கினால் எல்லோரும் ‘பாவம், தண்ணீர் போதவில்லை’ என்று இன்னும் ஊற்றுவார்கள். அந்த நேரத்தில் மீடியத்தைத் தொட்டுப் பாருங்கள். மீடியம் எலும்பாகக் காய்ந்து இலை சுருங்கியிருந்தால் அது தாகம்தான், முக்கி எடுத்தால் பிழைத்துக்கொள்ளும், விலை குறைத்துக் கேட்டுத் தைரியமாக வாங்கலாம். மீடியம் ஈரமாக இருக்கிறது, இலை மட்டும் சுருங்கியிருக்கிறது என்றால், குடிக்க வேர் இல்லை. அதை இலவசமாகக் கொடுத்தாலும் மணிவிழாவுக்கு வாங்காதீர்கள் தம்பி.

அடுத்து, மட்டைத் துண்டு. நம் பக்கம் உரிமட்டை மலிவு என்பதால் டென்ட்ரோபியம் பாதி அதில்தான் வருகிறது. நல்ல பொருள்தான், ஈரமும் பிடிக்கும், காற்றும் விடும். ஆனால் மட்டையில் இயற்கையாகவே உப்பு இருக்கிறது, ஊற வைத்துத் தண்ணீரை நாலைந்து முறை மாற்றிக் கழுவாமல் போட்டால் வேர் நுனி கருகும். வாங்கும்போது புது வேர் நுனியைப் பாருங்கள், பச்சையாகவோ செந்நிறமாகவோ ஈரப் பளபளப்போடு ஓடினால் மீடியம் அதற்கு ஒத்துப்போகிறது. மட்டையைத் தொட்ட இடத்தில் நுனி கறுத்து நின்றுபோயிருந்தால் உப்புதான். மட்டைத் துண்டு வேறு, மட்டைத் தூள் வேறு, அதையும் பாருங்கள். கோகோபீட் என்று கட்டியாக விற்கிற தூளை ஃபெலனாப்சிஸுக்கோ டென்ட்ரோபியத்துக்கோ தனியாக அடைத்திருந்தால் வாங்கவே வேண்டாம், சேறாகிவிடும்.

மண்ணில் வைத்திருந்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்கிற தரை ஆர்க்கிட், ஓலை மாதிரி மடிப்பு இலை, ஊதா அல்லது மஞ்சள் பூ, அது மண்ணும் இலை மக்கும் கலந்த தொட்டியில்தான் நன்றாக வரும். அதை மட்டும் மண்ணில் பார்த்து ஓடாதீர்கள். சிம்பிடியம் என்கிற ஆர்க்கிட்டுக்கும் கொஞ்சம் பொடியான கலவைதான். மரத்தில் தொற்றும் வகையைச் செம்மண்ணில் நட்டு வைத்திருந்தால் அந்த நர்சரியில் வேறு ஆர்க்கிட்டும் பார்க்க வேண்டாம்.

அழகாபுரம் மாடி

ரொம்ப நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நேற்று மறுபடி அந்தப் பரிசுக் கடைக்குப் போய்ப் பீங்கான் தொட்டியிலிருந்து தூக்கிப் பார்த்தேன், கடைக்காரர் முறைத்தார். அடியில் தண்ணீர் நின்றது. வேர் பக்கவாட்டில் பச்சையாகத்தான் இருக்கிறது, நடுவில் ஒன்றும் தெரியவில்லை.

சில சந்தேகம். பாசி மேல் சின்னச் சின்ன மஞ்சள் உருண்டை கிடக்கிறது, பூச்சி முட்டையா? அடிவாரத்து நர்சரியில் கரித்துண்டின் மேல் வெள்ளைப் படிவு, அது பூஞ்சையா? ஒரு தொட்டியில் உள்சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. ஏற்காட்டுப் பட்டைத் தொட்டியில் நூல் மாதிரி வெள்ளையாக எதோ ஓடியது.

வண்டிப்பாதை நர்சரி

மஞ்சள் உருண்டை ஒரே அளவில், கெட்டியாக இருந்தால் உரம். மெதுவாகக் கரையும் வகை, நாங்களும் போடுகிறோம். கண்ணாடி போலத் தெளிவாக, கொத்தாக ஒட்டிக்கொண்டு, அமுக்கினால் உடைந்தால் நத்தை முட்டை, அதை வாங்காதீர்கள், ஒரு தொட்டியில் வந்தால் எல்லாத் தொட்டிக்கும் போகும். வேர் நுனியைத்தான் தின்னும்.

பச்சைப் பாசி பிரச்சினை இல்லை, வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் எங்கும் வரும்.

ஓட்டுச்சில்லு

கரி மேல் வெள்ளை: நகத்தால் சுரண்டுங்கள், பொடியாக, கரகரவென்று வந்தால் உப்புப் படிவு. போர் தண்ணீரும் உரமும் சேர்ந்து விடுகிறது. கரி மக்காது, அது நல்ல குணம், ஆனால் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லேசாக இருந்தால் வாங்கி மழைத்தண்ணீரில் இரண்டு மூன்று முறை நன்றாக அலசிவிடலாம். தடித்துப் போயிருந்தால் வேர் நுனியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், அக்கா சொன்ன அதே சோதனை.

பட்டைக்குள் வெள்ளை நூல் பூஞ்சைதான். செடியைத் தின்கிற பூஞ்சை இல்லை, பட்டையைத் தின்கிறது. அதாவது பட்டை மக்க ஆரம்பித்துவிட்டது. அது பரவிய இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடும், மேலே நனைந்த மாதிரி இருக்கும், உள்ளே வேர் காயும். கொஞ்சமாக இருந்தால் வாங்கிப் பூ முடிந்ததும் மாற்றலாம்.

நடுவில் ஒன்றும் தெரியவில்லை என்றீர்களே, அங்கேதான் கோளாறு ஒளிந்திருக்கும். நாற்றுப் பருவத்துப் பாசி உருண்டையை எடுக்காமல் அப்படியே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் புதுப் பாசியோ பட்டையோ போட்டுவிடுவார்கள், சில நேரம் ஸ்பாஞ்சுகூட இருக்கும். வெளிப்பக்கம் காய்ந்துவிடும், நடு உருண்டை நனைந்தே இருக்கும், அழுகல் அங்கே ஆரம்பித்துத் தண்டுக்கு ஏறும். ஒரு மூங்கில் குச்சியை, பஜ்ஜிக் கடையில் சுடச்சுட எடுக்கக் குத்துவார்களே அந்தக் குச்சிதான், நடுவில் மெதுவாகச் செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுங்கள். நுனி ஈரமாகக் கறுத்து வாடை அடித்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும், 600 ரூபாய் நீங்கள்தானே கொடுக்கிறீர்கள்.

பேர்லேண்ட்ஸ் நிழல்வலை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வாங்கியவுடன் மீடியம் மாற்றலாமா, பூ முடியும்வரை பொறுக்க வேண்டுமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

அம்மாபேட்டை அக்கா

பொறுக்கலாம். பூவோடு இருக்கும்போது வேரைக் கலைத்தால் மொட்டு உதிரும். பூ முடிந்து புது வேரோ புது இலையோ கிளம்பும்போது மாற்றினால் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். அதுவரை தண்ணீரை மட்டும் அந்த மீடியத்துக்கு ஏற்றபடி ஊற்றினால் போதும். வந்தவுடன் மற்றச் செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வையுங்கள், மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலை அடியிலும் தொட்டி விளிம்பிலும் ஒளிந்து வரும்.

நாகலூர் காப்பி

அக்கா சொல்வது சேலத்துக்குச் சரி. இங்கே மழைக்காலத்தில் பாசித் தொட்டி வாங்கினால் நான் பூவைப் பார்க்கமாட்டேன். பூத்தண்டை வெட்டிக் குவளையில் போட்டுவிட்டு அன்றைக்கே பட்டைக்கு மாற்றிவிடுவேன். வெட்டிய தண்டு தண்ணீரில் இரண்டு வாரம் பூவோடு நிற்கும், நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் மாதப் பனிமூட்டத்தில் நனைந்த பாசி இரண்டு மாதம் பொறுக்காது.

அம்மாபேட்டை அக்கா

பரிசாக வாங்குகிறவரிடம் பூவை வெட்டச் சொல்கிறீர்களே ஐயா! மணிவிழாவுக்குச் செடி மட்டும் கொண்டுபோய்க் கொடுப்பதா?

நாகலூர் காப்பி

அது உண்மைதான். மணிவிழாவுக்கு டென்ட்ரோபியம் வாங்கிக்கொடுங்கள் என்பதே என் யோசனை, சேலம் வெயிலுக்கு ஃபெலனாப்சிஸைவிட அது தாங்கும், தினம் இரண்டு வேளை ஊற்றினாலும் கரியும் மட்டையும் போட்டிருந்தால் தண்ணீர் ஓடிவிடும். வாண்டாவும் தாங்கும், மீடியமே இல்லாமல் கூடையில் தொங்குவது, அம்மா ஆசை தீர ஊற்றலாம். ஆனால் வெயில் வேண்டும், விலையும் கூட.

கொண்டை ஊசி 9

ஏற்காடு போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. சாக்குப்பையில் வைத்து மலைப்பாதையில் சிலர் ஆர்க்கிட் விற்கிறார்கள், தொட்டியும் இல்லை, மீடியமும் இல்லை, 100 ரூபாய்க்கு மூன்று கட்டு. மலையில் வளர்ந்தது, சாகாது என்கிறார்கள். வாங்கலாமா?

நாகலூர் காப்பி

வேண்டாம். மரத்திலிருந்து உரித்தெடுத்தது அது. வேரைப் பாருங்கள், மரப்பட்டைச் சிம்பும் கல்பாசியும் ஒட்டிக்கொண்டிருக்கும், பாதி வேர் அறுந்திருக்கும். தொட்டியில் வளர்ந்த செடி என்றால் வேர் தொட்டியின் வடிவத்துக்கு வளைந்திருக்கும், ஏதாவது மீடியம் ஒட்டியிருக்கும். உரித்ததில் பெரும்பாலானவை வீட்டில் பிழைக்காது, காட்டிலும் ஒன்று குறைந்துவிடும். சட்டமும் இருக்கிறது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாபியோபெடிலம் என்கிற ஆர்க்கிட் வகைகளும் நீல வாண்டாவும் சிவப்பு வாண்டாவும் பாதுகாக்கப்பட்ட தாவரங்கள். காப்புக்காட்டிலிருந்து எந்தச் செடியை எடுத்தாலும் வனத்துறையிடம் பதில் சொல்ல வேண்டும்.

காட்டு வகை பார்க்க ஆசையாக இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இங்கே ஏற்காட்டிலேயே இருக்கிறது, 1960களிலிருந்து இருக்கிறது. பூச்சி தின்னும் குடுவைச் செடியும் அங்கே பார்க்கலாம். சுற்றுலா வருகிறவர்கள் படகுத்துறையும் பக்கோடா பாயிண்டும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மே மாதக் கோடை விழாவில் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும், அப்போது வாங்குகிற ஆர்வம் எல்லோருக்கும் வரும், அந்தக் கூட்டத்தில் யாரும் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதில்லை.

அழகாபுரம் மாடி

முடிவு சொல்லிவிடுகிறேன். அடிவாரத்து நர்சரியில் டென்ட்ரோபியம் வாங்கினேன். அங்கே ஏழெட்டுத் தொட்டி இருந்தது, பூ அதிகம் இருந்த தொட்டியைத்தான் அவர் முதலில் நீட்டினார். தூக்கினால் பக்கத்துத் தொட்டியைவிடக் கனம், மேல் மட்டைத் துண்டு விரலில் நாராக உதிர்ந்தது, அடி ஓட்டையில் மக்கின தூள் அடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டே பூவும் ஒரு மொட்டுக் கொத்தும் இருந்ததை எடுத்தேன். மட்டை கெட்டியாக இருக்கிறது, கரி மேல் கொஞ்சம் வெள்ளை, சுரண்டினால் பொடியாக வருகிறது. இரண்டு புது வேர் பச்சை நுனியோடு தொட்டிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது, அடித்தண்டை அசைத்தால் தொட்டியோடு சேர்ந்து அசைகிறது. பழைய தண்டு ஒன்று சுருங்கி இலை இல்லாமல் இருந்தது, அதைக் காட்டிக் கேட்டதற்கு ‘அது பழைய தண்டு, அதில்தான் சத்து இருக்கிறது, வெட்டாதீர்கள்’ என்றார். சரிதானா?

இன்னொன்று, வீட்டில் போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாகப் படியும். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறுகிற தண்ணீர் தினம் இரண்டு குடம் வீணாகிறது, அதை இதற்கு ஊற்றலாமா? அம்மா கேட்கச் சொன்னார்.

ஓட்டுச்சில்லு

பழைய தண்டு பற்றி அவர் சொன்னது சரி. பச்சை இருக்கும்வரை வெட்ட வேண்டாம், அதிலிருந்துகூடப் பூ வரும், சில நேரம் குட்டிச் செடியும் வரும். முழுக்கக் காய்ந்து சருகான பிறகு எடுக்கலாம்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். போர் தண்ணீரில் இருந்த உப்பு முழுக்க அதில்தான் சேர்ந்து வருகிறது, அந்தக் கரி ஒரே மாதத்தில் வெளுத்துவிடும். ஆர்ஓவின் நல்ல தண்ணீரில் கொஞ்சம் போர் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், மழை பெய்தால் மொட்டை மாடியில் இரண்டு டிரம் பிடித்து வையுங்கள். கழிவுத் தண்ணீரை அம்மாவிடம் கொடுத்து வாசல் தெளிக்கச் சொல்லிவிடலாம்.

அம்மாபேட்டை அக்கா

மேற்குப் பால்கனி என்றீர்களே, மதியம் 2 மணிக்கு மேல் வலை வழியாக வெயில் நேராகத் தொட்டியில் படுகிறதா என்று பாருங்கள். கறுப்புத் தொட்டி என்றால் உள்ளே வேர் வெந்துவிடும். தொட்டியை மட்டும் ஒரு மண்தொட்டிக்குள் இறக்கி வையுங்கள், அடியில் ஓட்டை இருக்கிற மண்தொட்டியாக. மணிவிழாப் படமும் போடுங்கள்.

வண்டிப்பாதை நர்சரி

கனமாக இருந்த அந்தத் தொட்டியை நர்சரிக்காரரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவருக்கும் உதவியாக இருக்கும். எங்களுக்கும் வரிசையில் எல்லாத் தொட்டியையும் தினம் தூக்கிப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

அழகாபுரம் மாடி

சொன்னேன் அண்ணா. உருவிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்தார், விற்பனை வரிசையில் மறுபடி வைக்கவில்லை. எனக்கு 50 ரூபாய் குறைத்தும் கொடுத்தார்.